ஆபீஸ் ஹேக்கத்தானில் செய்ததை ஊருக்குக் கொண்டுவருவது எப்படி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, முதல் முறையாக ஆபீஸ் ஹேக்கத்தானுக்கு (ஓரிரு நாளில் ஒரு ஐடியாவைக் கோடாக எழுதிக் காட்டும் போட்டி) பேர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். ஜெயிப்பது எப்படி என்று சொல்லித்தர நிறைய பேர் இருக்கிறார்கள், நான் சொல்ல வந்தது அது இல்லை. டெமோ முடிந்து, போட்டோ எடுத்து, திங்கட்கிழமை எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பிய பிறகு அந்தப் புராஜெக்ட் என்ன ஆகிறது? பெரும்பாலும் ஏதோ ஒரு ரெப்போவில் (கோடைச் சேமித்து வைக்கும் இடம்) தூங்குகிறது. அது யாருடையது, மாதாமாதம் சர்வருக்கு யார் காசு கட்டுவது என்ற இரண்டு கேள்விக்கும் யாரும் எழுத்தில் பதில் வாங்கி வைப்பதில்லை. காரணம் அவ்வளவுதான்.

எங்கள் டீம் செய்தது ஒரு டெலிகிராம் பாட், அதாவது டெலிகிராமில் மெசேஜ் அனுப்பினால் தானாகப் பதில் சொல்லும் புரோகிராம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்து, அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கமும் கடலூர் பக்கமும் புகுந்தபோது, எந்த ரோட்டில் போகலாம் எதில் போகக்கூடாது என்பதை ஃபார்வர்டு மெசேஜை நம்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தண்ணீர் நிற்கும் தெருவை ஜனங்களே சொல்லவும், மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஒரு பாட். இரண்டு நாளில் எழுதிவிட்டோம். அதை ஆபீஸுக்கு வெளியே கொண்டுவர ஹெச்ஆர், லீகல், ஐடி செக்யூரிட்டி என்று பல மாதம் நடக்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுங்கள்

சேர்ந்த நாளில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களே, அதுதான். ஆஃபர் லெட்டர் வேறு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வேறு, ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேறு. மூன்றையும் எடுத்து வையுங்கள். கையில் இல்லையென்றால் ஹெச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் அது.

அதில் அறிவுசார் சொத்து என்ற தலைப்பில் வரும் பத்தியைப் பாருங்கள். சில கம்பெனிகள் "வேலை நேரத்தில், கம்பெனி சாதனத்தில் செய்தது" என்று எழுதியிருக்கும். சில, "பணிக்காலம் முழுவதும் நீ உருவாக்கும் எதுவும்" என்று அகலமாக எழுதியிருக்கும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒப்பந்தத்தில் எதுவுமே எழுதவில்லை என்றாலும் உங்களுக்குச் சாதகம் என்று நினைக்க வேண்டாம். 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வேலையின் பாகமாக ஊழியர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை. புரோகிராம் இந்தச் சட்டத்தில் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் வருகிறது, அதனால் கதை கட்டுரைக்கு உள்ள விதிதான் கோடுக்கும். பயிற்சி ஊழியராக இருந்தாலும் இதே கதைதான். கம்பெனி நடத்தும் ஹேக்கத்தானில், கம்பெனி லேப்டாப்பில், கம்பெனி கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு எழுதிய கோட் "வேலையின் பாகம் இல்லை" என்று பிறகு வாதாடுவது கஷ்டம். ஆகவே, ஹேக்கத்தானில் எழுதியது கம்பெனியுடையது என்று எடுத்துக்கொண்டே மேலே போங்கள். இந்தக் கட்டுரையின் மீதி முழுக்க அந்த அடிப்படையில்தான்.

ஏற்கெனவே வீட்டில் சொந்தமாக ஏதாவது செய்துகொண்டிருக்கிறீர்களா? அதை ஹேக்கத்தானுக்குக் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்த அன்றே எது எப்போது எழுதியது என்ற குழப்பம் ஆரம்பித்துவிடும். தவிர்க்கவே முடியாது என்றால், "இந்தத் தேதி வரை எழுதியது என் சொந்தப் படைப்பு" என்று அமைப்பாளருக்கு முன்கூட்டியே ஒரு மெயில் அனுப்பிவிட்டு, பழைய கோடைத் தனி ரெப்போவில் வையுங்கள்.

2. விதிமுறை மெயில் வந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள்

ஹேக்கத்தானுக்கு ஒரு மாதம், மூன்று வாரம் முன்னால் அறிவிப்பு வரும். தீம், டீமுக்கு எத்தனை பேர், பரிசு எவ்வளவு எல்லாம் இருக்கும். நமக்கு வேண்டியது இருக்காது. பதில் மெயிலில் இதைக் கேளுங்கள்: ஹேக்கத்தானில் எழுதியதை ஓப்பன் சோர்ஸாக (யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி) வெளியிட அனுமதி உண்டா, யார் அனுமதி தர வேண்டும்? கம்பெனி எடுத்துக்கொள்ளாத புராஜெக்டை டீம் தொடரலாமா? ஹேக்கத்தான் சர்வரை எந்தத் தேதியில் நிறுத்துவார்கள்?

நேரில் கேட்டால் "அதெல்லாம் பாத்துக்கலாம்ங்க" என்றுதான் பதில் வரும். நல்ல மனதோடுதான் சொல்வார்கள், ஆனால் ஆறு மாதம் கழித்து அவர் வேறு கம்பெனியில் இருப்பார். மெயிலில் கேட்டு மெயிலில் வாங்குங்கள். அந்த மெயிலை பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளலாமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் சில இடங்களில் ஆபீஸ் மெயிலைச் சொந்த மெயிலுக்கு அனுப்புவதே விதிமீறல்.

சர்வரை நிறுத்தும் தேதி ரொம்ப முக்கியம். ஹேக்கத்தானுக்கென்று திறந்த கிளவுட் கணக்கைச் சீக்கிரமே துடைத்துவிடுவார்கள், டேட்டாபேஸ் உட்பட.

கடலூரிலிருந்து தினமும் பாண்டிக்கு வந்து போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். ராத்திரி வேலை செய்தால் வீட்டுக்கு வண்டி உண்டா? மஞ்சக்குப்பத்துக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நள்ளிரவில் பஸ்ஸை நம்பி நிற்க முடியாது. டீமில் பெண்கள் இருந்தால் கேப் ஏற்பாட்டை உறுதி செய்துவிட்டுத்தான் பேரே கொடுங்கள். இதைக் கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டு ஹேக்கத்தானையே விட்டுவிட்ட நல்ல புரோகிராமர்களை எனக்குத் தெரியும், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

3. ஐடியா: டேட்டா எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

வெளியே கொண்டுவரும் எண்ணம் இருந்தால் ஒரே ஒரு கட்டுப்பாடு. கம்பெனி கிளையன்ட்டின் டேட்டா, கம்பெனியின் உள் லைப்ரரி (எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தக் கோட்), உள் ஏபிஐ (ஒரு புரோகிராம் இன்னொன்றோடு பேசும் வழி) எதையும் தொடாதீர்கள். தொட்டால் அனுமதி கேட்கும்போது லீகல் முதல் பார்வையிலேயே மறுத்துவிடும், அவர்கள் மறுப்பது நியாயம்தான். பொதுவில் கிடைக்கும் டேட்டாவை வைத்துச் செய்யக்கூடிய, ஊருக்குப் பயன்படும் சின்ன வேலையாக எடுங்கள்.

எங்கள் பாட்டுக்கு இரண்டு மூலம். ஒன்று, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளம். வானிலை மையம் உட்பட அரசு அமைப்புகள் தரும் எச்சரிக்கைகள் கம்ப்யூட்டர் படிக்கக்கூடிய வடிவத்தில் அங்கே கிடைக்கின்றன. இன்னொன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் மேப். கூகுள் மேப் ஏபிஐக்கு பில்லிங் கணக்கும் கார்டும் வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இலவசமாகப் பயன்படுத்தலாம், ஆனால் மேப் காட்டும் இடத்தில் அவர்கள் பேரைப் போட்டே ஆக வேண்டும். இலவசம்தானே என்று அவர்களுடைய சர்வரை வாட்டவும் கூடாது. இடப்பேர் தேடும் நாமினாட்டிம் சேவையில் வினாடிக்கு ஒரு கோரிக்கைதான் உச்சவரம்பு, மீறினால் தடுத்துவிடுவார்கள். நம்மூர் அளவுக்கு ஒரு முறை டேட்டாவை இறக்கிச் சொந்த டேட்டாபேஸில் போட்டுக்கொள்வதுதான் சரி.

நம்ம பக்கத்து ஆட்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று எல்லைக்கோடு. புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில், முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. வில்லியனூர் பக்கம் போனால் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். எச்சரிக்கை வருவது புதுச்சேரிக்குத் தனி, கடலூர் மாவட்டத்துக்குத் தனி, விழுப்புரத்துக்குத் தனி. "பயனர் புதுச்சேரியில் இருக்கிறார், ஆகவே புதுச்சேரி எச்சரிக்கை மட்டும் காட்டு" என்று எழுதினால், முள்ளோடையில் நிற்கிறவருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரியாது. மாநிலப் பேரை வைத்து வடிகட்டாதீர்கள், தூரத்தை வைத்து வடிகட்டுங்கள். டெமோவில் இதைக் காட்டியபோது நடுவர்களில் பாகூர்க்காரர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளியூரில் எழுதிய எந்த ஆப்பிலும் இது சரியாக வராது, உள்ளூர்க்காரர் நாம்தான் செய்ய வேண்டும்.

4. அந்த இரண்டு நாள்

கோட் எழுதுவது பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னால் வெளியிட வசதியாக இருக்க, முதல் மணி நேரத்திலேயே இதைச் செய்யுங்கள்.

புது ரெப்போ, காலியாக ஆரம்பிக்கட்டும். ஆபீஸ் புராஜெக்டின் ஃபோல்டரை நகல் எடுத்து ஆரம்பித்தால் அதோடு கம்பெனியின் பழைய கமிட் வரலாறும் (எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவு) வந்துவிடும். பாஸ்வேர்டு, ஏபிஐ கீ, பாட் டோக்கன் எதையும் கோடில் எழுதாதீர்கள், கோடுக்கு வெளியே, என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள். தப்பித்தவறி கமிட் ஆகிவிட்டால், அந்த வரியை அழித்து மறுபடி கமிட் செய்வது போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். அந்தக் கீயை ரத்து செய்து புதுசு வாங்குங்கள். டெலிகிராம் டோக்கனை, பாட்டை உருவாக்கித் தரும் பாட்ஃபாதரிலேயே ஒரு நிமிடத்தில் மாற்றலாம்.

பயன்படுத்தும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் என்ன லைசென்ஸ் என்று ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே வாருங்கள். எம்ஐடி, அப்பாச்சி 2.0 என்றால் கவலை இல்லை. ஜிபிஎல் என்றால் உங்கள் கோடை வெளியிடும்போது அதுவும் ஜிபிஎல்லில் போக வேண்டியிருக்கும். ஏஜிபிஎல் என்றால் சர்வரில் ஓடவிட்டாலே பயன்படுத்துபவர்களுக்குக் கோடைத் தரும் கடமை வருகிறது. எனக்கு ஜிபிஎல் மேல் மரியாதை உண்டு, ஆனால் கம்பெனி லீகலிடம் சீக்கிரம் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் எம்ஐடி, அப்பாச்சி வகையோடு நின்றுகொள்ளுங்கள். படம், ஐகான், எழுத்துரு இதற்கும் இதே கணக்கு. தமிழ் எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், அது ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருகிறது.

செயற்கை நுண்ணறிவு உதவியாளரை வைத்து எழுதுகிறீர்களா? ஆபீஸ் அனுமதித்த கருவி எது என்று பார்த்து அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

பாட்டை யாருடைய டெலிகிராம் கணக்கிலிருந்து உருவாக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். உருவாக்கியவர் கணக்கோடு பாட் ஒட்டிக்கொள்ளும். இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தால் பிறகு வேறொருவருக்கு மாற்றலாம் என்றாலும், கடைசி வரை நிற்கப்போகிறவர் கணக்கிலேயே தொடங்குவது நல்லது.

5. டெமோ

மூன்று முதல் ஐந்து நிமிடம் தருவார்கள். எல்லா டீமும் ஒரே வைஃபையில் தொங்கும், கட்டாயம் இழுக்கும். போன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள், அதோடு ஓடும் ஆப்பை முன்கூட்டியே வீடியோவாகப் பதிவு செய்து வையுங்கள். பின்னால் அனுமதி கேட்கும்போதும் இந்த வீடியோவைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், யாரும் கோடைப் பார்க்க மாட்டார்கள்.

பரிசுப் பணம் கிடைத்தால் சம்பளத்தோடு சேர்ந்து, வரி பிடித்தம் போகத்தான் வரும். டீமில் பங்கு பிரிக்கும்போது பிடித்தம் போன தொகையை வைத்துப் பேசுங்கள்.

6. அனுமதி வாங்குவது: பொறுமை வேண்டிய இடம்

டெமோ முடிந்த அந்த வாரத்திலேயே கேளுங்கள். மேனேஜருக்கும் இயக்குநருக்கும் புராஜெக்ட் ஞாபகம் இருக்கும்போது கேட்டால் ஒரு வேகம் கிடைக்கும். இரண்டு மாதம் விட்டால், "எந்த புராஜெக்ட்?" என்பதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வழி இரண்டு இருக்கிறது. முதல் வழி, கம்பெனியே தன் பேரில் எம்ஐடி மாதிரியான லைசென்ஸில் கோடை வெளியிடுவது. வெளியிட்டுவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், அதில் நீங்களும் அடக்கம். கம்பெனி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, அதற்கு நல்ல பேரும் வருகிறது. இரண்டாவது வழி, கம்பெனி தன் காப்புரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுப்பது. பெரும்பாலான புராஜெக்டுக்கு முதல் வழியே போதும், கையெழுத்தும் சீக்கிரம் கிடைக்கும் என்பது என் திடமான கருத்து. நாங்கள் முதலில் இரண்டாவது வழியில்தான் கேட்டோம். அது லீகல் மேஜையில் நகரவே இல்லை. முதல் வழியைச் சொன்ன பிறகுதான் பேச்சே தொடங்கியது.

இரண்டாவது வழிதான் வேண்டும் என்றால், எழுதிக் கொடுப்பது வாய்ப்பேச்சாக இருந்தால் செல்லாது. எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். பலர் "அனைத்து உரிமைகளும் தரப்படுகின்றன" என்ற ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள், அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

லீகலுக்கு அனுப்ப வேண்டியவை:

- புராஜெக்ட் என்ன செய்கிறது என்று அரைப் பக்கம், சாதாரண மொழியில்
- ரெப்போ முகவரியும் டெமோ வீடியோவும்
- டீமில் இருந்த எல்லாருடைய பேர், ஊழியர் எண்
- லைப்ரரி, லைசென்ஸ் பட்டியல்
- கிளையன்ட் டேட்டாவோ உள் கோடோ இல்லை என்ற உறுதிமொழி, உங்கள் மேனேஜர் கையெழுத்தோடு
- கம்பெனி பேரையும் லோகோவையும் பயன்படுத்த மாட்டோம் என்ற ஒரு வரி
- அவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தின் வரைவு

கடைசி ஐட்டத்தை விட்டுவிடாதீர்கள். வெறும் கோரிக்கையை அனுப்பினால் யாரோ ஒருவர் உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டும், அந்த யாரோ ஒருவர் கிடைப்பதற்குள் மழைக்காலம் வந்துவிடும். வரைவு கையில் இருந்தால் திருத்திக் கையெழுத்துப் போடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது.

கையெழுத்து யாருடையது என்பதையும் பாருங்கள். உங்கள் மேனேஜர் ஓகே சொல்வது ஆதரவு மட்டும்தான். கம்பெனி சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் யார் என்று ஹெச்ஆரிடம் கேட்டு, அவருடைய கையெழுத்தை வாங்குங்கள்.

நேரக் கணக்கு: மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் நேரம், ஏப்ரலில் அப்ரைசல், இந்த இரண்டு மாதமும் லீகலும் ஹெச்ஆரும் உங்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு முன்னால் அல்லது பின்னால் போங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், எங்களுக்கு அதற்குள் பாட் வெளியே வந்தாக வேண்டியிருந்தது. உங்கள் புராஜெக்டுக்கும் இப்படி ஒரு தேதி இருந்தால் (பள்ளி திறப்பு, தேர்வு, மீன்பிடித் தடைக்காலம் எதுவானாலும்) அதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். தேதி போட்ட கோரிக்கைக்குத்தான் பதில் வருகிறது.

7. டீமுக்குள் ஒரு தாள்

நாலு பேர் சேர்ந்து எழுதியது. இரண்டு பேர் ஆறு மாதத்தில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள். யார் ரெப்போவுக்குப் பொறுப்பு, டொமைன் யார் பேரில், செலவில் யாருக்கு எவ்வளவு, நன்கொடை வந்தால் எங்கே போகும், விலகுகிறவர் எதை ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு இதெல்லாம் என்று தோன்றும். நட்பு நீடிக்கத்தான் இந்தத் தாள்.

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதுவதாக இருந்தால், கையெழுத்துப் போடும் இடம் புதுச்சேரி என்றால் புதுச்சேரி ஸ்டாம்ப் பேப்பர், கடலூர் என்றால் தமிழ்நாடு ஸ்டாம்ப் பேப்பர். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தானே என்று மாற்றி வாங்கி வராதீர்கள், முத்திரை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

கோடைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். கட்டாயம் இல்லை, எழுதியவுடனே உரிமை வந்துவிடுகிறது. ஆதாரத்துக்காகச் செய்வதென்றால் ஆன்லைனில் 14-ஆம் படிவம், கட்டணம் 500 ரூபாய். சோர்ஸ் கோடில் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமுமாவது தர வேண்டும். டைரி எண் கிடைத்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு, அதற்குப் பிறகுதான் பரிசீலனையே தொடங்கும். விண்ணப்பிப்பவர் ஒருவர், எழுதியவர்கள் நாலு பேர் என்றால் மற்றவர்களிடம் ஆட்சேபமில்லாக் கடிதம் வேண்டும். ஓப்பன் சோர்ஸாகப் போகிற சின்ன புராஜெக்டுக்கு இது தேவையில்லை என்பேன்.

8. செலவு

டெலிகிராம் பாட் நடத்த டெலிகிராமுக்குக் காசு கிடையாது. சின்ன சர்வர் ஒன்று மாதம் ஐந்து டாலர் அளவில் கிடைக்கும். அதன் மேல் வரி தனி, டாலர் ஏறினால் நம் செலவும் ஏறும். டொமைன் பேர் முதல் வருடம் மலிவாகத் தருவார்கள், புதுப்பிக்கும் விலை என்ன என்று பார்த்து வாங்குங்கள். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட்டில் இலவசம், தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிட்டு, நிஜமாகவே புதுப்பிக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பெரிய கிளவுட் கம்பெனிகள் தரும் இலவசக் கிரெடிட்டில் தொடங்குவது தப்பில்லை. ஆனால் முதல் நாளே பட்ஜெட் எச்சரிக்கை போடுங்கள். கிரெடிட் தீர்ந்த பிறகு கார்டிலிருந்து பணம் போவது சத்தமில்லாமல் நடக்கும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்துத்தான் இருக்கும், பேங்க் ஆப்பில் போய் நீங்களே திறந்து, வரம்பும் வைக்க வேண்டும்.

எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று யோசிக்கிறீர்களா? டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி அனுப்புபவர் டிஎல்டி என்ற எஸ்எம்எஸ் பதிவுத் தளத்தில் நிறுவனமாகப் பதிவு செய்து, தலைப்புப் பேருக்கும் ஒவ்வொரு செய்தி மாதிரிக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். நாலு பேர் ஓய்வு நேரத்தில் நடத்தும் விஷயத்துக்கு இது ஒத்துவராது.

9. ஆப் ஸ்டோர் வேண்டும் என்றால்

கூகுள் ப்ளேயில் ஒரே தடவை 25 டாலர். ஆப்பிளில் வருடா வருடம் 99 டாலர். ஐபோன் பதிப்பை முதல் வருடம் தள்ளிப்போடுங்கள்.

ப்ளேயில் புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு: குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாள், மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பார்ப்பது) சேர்ந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். இது தெரியாமல் "வெள்ளிக்கிழமை ரிலீஸ்" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். 12 பேரை மட்டும் சேர்த்தால் ஒருவர் விலகினாலும் எண்ணிக்கை குறைந்துவிடும், ஆகவே இருபது பேரையாவது சேர்த்து வையுங்கள். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் சித்தி, மாமா, பழைய கல்லூரி வாட்ஸ்அப் குரூப் எல்லாரும் இதற்கு உதவுவார்கள். கணக்கு உங்கள் சொந்தப் பேரில் என்றால் அந்தப் பேரும் மெயில் முகவரியும் ஸ்டோரில் எல்லாருக்கும் தெரியும், அதற்கென்று தனி மெயில் வைத்துக்கொள்ளுங்கள்.

10. ஊர்க்காரர் கையில் கொடுத்துப் பாருங்கள்

ஆபீஸில் சோதித்தது எதற்கும் கணக்கில்லை. நாங்கள் இந்திரா காந்தி சிலை பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ அண்ணனிடம் போனைக் கொடுத்து, "ரெயின்போ நகர்ல தண்ணி நிக்குதுன்னு இதுல போடுங்கண்ணே" என்றோம். அவர் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தார், ரெயின்போவை அவருக்குத் தோன்றிய எழுத்தில் அடித்தார், பாட் "அப்படி ஓர் இடம் இல்லை" என்றது. அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எனக்கு இது ஆவாதுப்பா, குரல்ல சொல்லிடறேன்" என்றார். மைக் பட்டனை நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. அன்றைக்கே குரல் செய்தியை வாங்கும்படி மாற்றினோம். கூடவே ஒவ்வொரு இடத்துக்கும் ஜனங்கள் சொல்லும் பேர்களின் பட்டியல் ஒன்றைத் தொடங்கினோம். திருப்பாதிரிப்புலியூர் என்று முழுசாக யாரும் அடிக்க மாட்டார்கள், திருப்பாப்புலியூர்தான். முத்தியால்பேட்டைக்கும் ரெட்டியார்பாளையத்துக்கும் ஆங்கில எழுத்தில் எத்தனை விதம் உண்டோ அத்தனையும் வரும். இந்தப் பட்டியலை வளர்ப்பதுதான் இந்த புராஜெக்டிலேயே பெரிய வேலை, இன்றுவரை நடக்கிறது.

பயனர் தகவல் விஷயத்தில் ஒரே அறிவுரை: தேவையில்லாததை வாங்காதீர்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடம் உண்டு. நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு நல்ல பாதுகாப்பு, போன் நம்பரையே கேட்காமல் இருப்பது. எங்கள் பாட் இடத்தையும் நேரத்தையும் மட்டும்தான் வைத்துக்கொள்கிறது.

பேரிடர், உடல்நலம், பணம் மாதிரி விஷயத்தைத் தொடும் புராஜெக்ட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தவறான பேரிடர் எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி கிளப்பினால் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. ஆகவே பாட் தானாக "வெள்ளம் வருகிறது" என்று ஒருநாளும் சொல்லக்கூடாது. அரசு எச்சரிக்கையை வந்தபடியே, வந்த நேரத்தோடு காட்டுங்கள். ஜனங்கள் சொன்னதை "ஜனங்கள் சொன்னது, இத்தனை மணிக்கு, இத்தனை பேர்" என்று தனியாகக் காட்டுங்கள். சில மணி நேரத்தில் அது தானாக மறையட்டும். வடிந்த தண்ணீரை நிற்பதாகக் காட்டினால் ஆம்புலன்ஸ்காரர் சுற்றிக்கொண்டு போவார்.

11. வேலையை விடும்போது

இதைச் சேரும்போதே யோசித்து வைக்க வேண்டும். ரெப்போ ஆபீஸ் மெயிலில் திறந்த கணக்கில் இருந்தால், கடைசி வேலை நாள் சாயங்காலம் உள்ளே போக முடியாது. டொமைன், சர்வர், பாட், ஸ்டோர் கணக்கு எதிலும் ஆபீஸ் மெயிலோ ஆபீஸ் கொடுத்த சிம் நம்பரோ இருக்கக்கூடாது. ஆனால் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து விழும் வரை கோடைச் சொந்தக் கணக்குக்கு மாற்றவும் கூடாது, அது வேலைக்கே உலை வைக்கும். கையெழுத்து வந்த அன்றே மாற்றுங்கள்.

ரிலீவிங் லெட்டர் வாங்கும்போது, அந்த அனுமதிக் கடிதம் பணி முடிந்த பிறகும் செல்லும் என்று ஒரு வரி மெயிலில் கேட்டு வாங்குங்கள். வேறு கம்பெனியில் சேர்கிறீர்கள் என்றால் அங்கே கையெழுத்துப் போடுவதற்கு முன், "முந்தைய படைப்புகள்" என்று ஒரு காலி அட்டவணை ஒப்பந்தத்தின் பின்னால் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் புராஜெக்ட் பேரையும் ரெப்போ முகவரியையும் அதில் எழுதுங்கள். இல்லையென்றால் சேரும் நாளுக்கு முன்பே ஹெச்ஆருக்கு மெயில் போட்டு, பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.